கேட்காமலே சரியென்று சொன்ன சோதனைகள்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து சிவகௌரி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்றபோது என் இடத்துக்கு வந்தவள். இப்போது அவர்களிடம் ஒரு கருவி இருக்கிறதாம். நாம் எழுதிய கணினி நிரலைக் கொடுத்தால், அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளைத் தானே எழுதித் தந்துவிடுமாம். நான் ஒரு வாரம் இருந்து எழுதியதை அது சில நிமிடங்களில் எழுதுகிறது. சோதனை தேறினால் திரையில் பச்சைக் கோடு வரும், தவறினால் சிவப்பு. அவளுக்கு எல்லாமே பச்சையாக வருகிறதாம்.

"அக்கா, இவ்வளவும் பச்சையாய் இருக்கேக்கை எனக்கு ஏனோ பயமாக் கிடக்கு. நீங்கள் முந்தி ஒரு படகுக் கதை சொல்லுவியள் எண்டு இஞ்சை கதைக்கினம். அதை ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்றாள்.

அலுவலகத்தில் இருந்த காலத்தில் அந்தக் கதையை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் சொல்லும்போது சிலவற்றை விட்டுவிடுவேன். எழுத உட்கார்ந்தபோது விட்டவையும் வந்து நின்றன.

நான் கணிதம் படித்தவள். கொழும்பில் ஒரு நிறுவனத்தில் கோபோல் மொழியில் நிரல் எழுதத் தொடங்கினேன். ஜாவா வந்தபோது அதற்கு மாறினேன். போர் முடிந்து சில வருடங்களில் என் ஊரான நீர்வேலிக்குத் திரும்பி, யாழ்ப்பாண நகரில் ஏழு பேர் இருந்த ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். அதுதான் என் கடைசி வேலை.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் குகதாசன் சேர். நில அளவையாளராக இருந்து கணினிக்கு வந்தவர். ஒரு காணியின் எல்லையை இந்த மூலையிலிருந்து அளந்தால் மறு மூலையிலிருந்தும் அளந்து பார்க்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. எங்கள் கதிரைக்குப் பின்னால் கைகளை முதுகில் கட்டிக்கொண்டு நிற்பார். திரையில் இருப்பதைப் படிப்பார். பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. "உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்பார். அதில் கோபமோ குத்தலோ இருக்காது. அவருக்கு உண்மையாகவே அது தெரிய வேண்டும். பதில் சொல்லும்வரை அங்கேயே நிற்பார்.

அவர் வைத்த நடைமுறை ஒன்று உண்டு. எங்கள் நிரல்கள் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குபவை. தரவுத்தளம் என்றால் பதிவுகள் எல்லாம் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் இடம். அதனிடம் கேட்கும் கேள்விக்கு வினவல் என்று பெயர். அது ஒரு தனி மொழியில் இருக்கும். வினவல் எழுதியவர் அதைச் சத்தமாகத் தமிழில் வாசிக்க வேண்டும். வாசிப்பது மற்றவர்களுக்கு விளங்கினால்தான் அது நிரலுக்குள் போகும். புதிதாக வந்தவர்கள் முதலில் வெட்கப்படுவார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

மொக் என்ற விடயத்தை அந்த அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான். கொழும்பில் கற்றது. ஜாவா நிரல் ஒன்றைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் உண்மையான தரவுத்தளத்தை எழுப்பி, அதற்குள் பதிவுகளை இட்டு, பிறகு துடைப்பது மெத்தச் சிரமம். எங்கள் இயந்திரங்களும் மெதுவானவை. அதனால் தரவுத்தளம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு போலியை நிறுத்துவோம். இன்ன கேள்வி வந்தால் இன்ன பதிலைச் சொல் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிவைப்போம். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு எங்கள் நிரல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்போம். அந்தப் போலிதான் மொக்.

எனக்கு அதில் பெரிய ஆசை இருந்தது. உண்மையில் நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் எதையும் நடத்திப் பார்க்கலாம். ஒரு பாடசாலை நூலகத்துக்கு எழுதிய நிரலில், பதிவு செய்துகொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்று அறிய விரும்பினேன். இணைப்பு அறுந்ததுபோல நடி என்று போலியிடம் சொன்னேன். எங்கள் நிரல் பதிவு செய்யாமலே "பதிவாகிவிட்டது" என்று காட்டியது. நிரல் நூலகத்துக்குப் போவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துத் திருத்தினோம். குகதாசன் சேர் அன்றைக்கு எனக்குப் பின்னால் நின்று, மறுபடியும் அறுத்துக் காட்டச் சொன்னார். அப்படி நாலைந்து தடவை. அதன் பிறகு அலுவலகத்தில் எல்லோரும் மொக் எழுதத் தொடங்கினார்கள்.

அடுத்த வருடம் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தின் வேலை வந்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். அந்தக் கரையில் அறுபதுக்கு மேற்பட்ட படகுகள். பின்னேரம் கடலுக்குப் போய்க் காலையில் திரும்புவார்கள். போகும் படகின் இலக்கத்தையும் வரும் படகின் இலக்கத்தையும் பதிந்து, இன்னும் வராத படகுகள் எவை என்று எந்த நேரத்திலும் காட்ட வேண்டும். அதுதான் அவர்கள் கேட்டது. காலை பத்து மணிக்கு அந்தப் பட்டியலில் யாராவது மிஞ்சியிருந்தால் தேடப் போவார்கள்.

பதிவுகளைச் செய்தவர் ஜெசிந்தா. சங்கத்தின் எழுதுவினைஞர். நாற்பது வயதிருக்கும். கரையில் என்னென்ன நடக்கும் என்று கேட்டபோது, காற்று எழும்பினால் வேறு ஊர்ப் படகுகளும் இங்கே ஒதுங்கும், அவற்றுக்குச் சங்க இலக்கம் கிடையாது என்று சொன்னார். அதற்காக வருகைப் பதிவில் இலக்கத்தை வெறுமையாக விடவும் இடம் வைத்தேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

வராத படகுகளைக் கேட்கும் வினவலை நானே எழுதினேன். தமிழில் வாசித்தேன்: "போன படகுகளில், வந்த படகுகளின் இலக்கங்களுக்குள் இல்லாதவற்றைத் தா." எல்லோருக்கும் விளங்கியது. குகதாசன் சேரும் தலையாட்டினார். பிறகு அதற்குச் சோதனை எழுதினேன். போலியிடம், உன்னிடம் இது கேட்கப்பட்டால் பன்னிரண்டாம், முப்பதாம் படகுகளைச் சொல் என்றேன். பட்டியலில் இரண்டு படகுகளும் தெரிந்தன. பச்சை.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

வாடைக்காற்று தொடங்கிய காலத்தில் ஒருநாள், முற்பகல் பதினொரு மணிபோல் ஜெசிந்தா தொலைபேசியில் வந்தார். யூட் என்பவரும் அவருடைய தம்பியும் நாற்பத்தேழாம் இலக்கப் படகில் முதல்நாள் போனவர்கள். ஒன்பதரைக்கே யூட்டின் மனைவி பிலோமினா வந்து விசாரித்திருக்கிறார். ஜெசிந்தா திரையைப் பார்த்திருக்கிறார். வெளியே ஒரு படகும் இல்லை என்றது. அப்படியானால் அடுத்த துறையில் இறங்கி, வந்த செய்தி யார் மூலமாவது இங்கே பதிவாகியிருக்கும் என்று நினைத்து பிலோமினாவை அங்கே அனுப்பியிருக்கிறார். அங்கேயும் இல்லை. அவர் திரும்பி வந்து கரையில் நிற்கிறார்.

"மிஸ், லிஸ்ட் சரிதானே? ஒருத்தரும் இல்லையெண்டுதான் காட்டுது. செயலாளரும் அதைப் பாத்திட்டுத்தான் பேசாமல் இருக்கிறார்" என்றார் ஜெசிந்தா.

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். தொலைபேசியைத் தோளில் அணைத்துக்கொண்டு சோதனைகளை ஓடவிட்டேன். சில விநாடிகள்தான். எல்லாம் பச்சை. "லிஸ்ட் சரி, ஜெசிந்தா. இப்பவும் பாத்தனான்" என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்தார்.

அரை மணித்தியாலத்தில் குகதாசன் சேர் வெளியிலிருந்து வந்தார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கதிரையில் இருக்கவில்லை. என் பின்னால் வந்து நின்றார்.

"லிஸ்ட் சரியெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

சோதனையைத் திறந்து காட்டினேன். அவர் அதை ஒரு வரி ஒரு வரியாக, வினவலை வாசிப்பதுபோலவே, தமிழில் வாசித்தார். சோதனைகளை யாரும் அப்படி வாசித்ததில்லை.

"இந்த ரெண்டு படகையும் சொல்லெண்டு நீரே சொல்லிக் குடுக்கிறீர். பிறகு அது ரெண்டு படகும் சொல்லுதோ எண்டு பாக்கிறீர். நீர் எழுதின கேள்வியை ஆரிட்டையும் கேக்கவே இல்லையே."

சங்கத்தின் உண்மையான தரவுத்தளத்தில் நுழைந்து, போன படகுகளின் பதிவைத் திறந்தேன். நாற்பத்தேழு, பின்னேரம் நாலரை. வந்த படகுகளின் பதிவை மேலிருந்து கீழே பார்த்தேன். நாற்பத்தேழு இல்லை. மறுபடி பார்த்தேன். இல்லை. என் வினவலை அதனிடம் நேரே கேட்டேன். வராத படகு ஒன்றும் இல்லை என்றது.

நான் வினவலைத் திருப்பி வாசிக்கத் தொடங்கினேன். சேர் என் தோளுக்கு மேலால் கையை நீட்டித் தொலைபேசியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். "காரணத்தைப் பிறகு பாப்பம். முதல் சொல்லும்" என்றார்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். பட்டியல் பிழை, படகு வெளியேதான் நிற்கிறது, இப்போதே தேடச் சொல்லுங்கள் என்று. அவர் தொலைபேசியைத் துண்டிக்காமலே ஓடிவிட்டார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கடலும் காற்றும் கேட்டன. யாரோ ஆட்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு காத்திருக்க வேண்டியதுதான். கதையை வாயால் சொல்லும்போது நான் விட்டுவிடும் இடம் இதுதான். இரண்டு பேர் கடலில் நிற்கிறார்கள், அதற்கு நானும் ஒரு காரணம் என்று தெரிந்தும், என் மனம் முழுக்க அந்த வினவலில் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னது? ஒரு படகு போயிருக்கிறது, வரவில்லை. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. அது ஏன் இல்லை என்கிறது? எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

பதிவுகளின் பிரதி ஒன்றை எடுத்தேன். வந்த படகுகளை ஒவ்வொன்றாக அழித்து, ஒவ்வொரு முறையும் வினவலைக் கேட்டேன். ஒரு படகை அழித்தால் அந்தப் படகு வராதவற்றுக்குள் தோன்ற வேண்டும். தோன்றவில்லை. பத்துப் படகுகளை அழித்தேன். வராத படகு ஒன்றும் இல்லை என்றே சொன்னது. பிறகு ஓரிடத்தில், காலை ஏழு மணிக்கு, இலக்கம் இல்லாத ஒரு வருகை இருந்தது. காற்றுக்கு ஒதுங்கிய வேற்றூர்ப் படகு. அதை அழித்தேன். நாற்பத்தேழும் நான் அழித்த பத்தும் ஒன்றாகத் திரையில் வந்து நின்றன.

வெறுமையான அந்த வரியைத் திருப்பிப் போட்டேன். எல்லாம் மறைந்தன. எடுத்தேன். வந்தன. எத்தனை முறை அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

நடந்தது இதுதான். நாற்பத்தேழு வந்தவற்றுக்குள் இல்லையா என்று கேட்டால், தரவுத்தளம் வந்த ஒவ்வொரு இலக்கத்தோடும் ஒப்பிடுகிறது. பதின்மூன்றா? இல்லை. இருபத்தொன்றா? இல்லை. வெறுமையா? அங்கேதான் அது நின்றுவிடுகிறது. தரவுத்தளத்தின் மொழியில் வெறுமை என்றால் ஒன்றுமில்லை என்று பொருள் அல்ல. எதுவென்று தெரியாது என்று பொருள். தெரியாத அந்தப் படகு நாற்பத்தேழாகவும் இருக்கலாம். ஆகவே நாற்பத்தேழு வரவில்லை என்று அதனால் அடித்துச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்ல முடியாததை அது பட்டியலில் சேர்க்காது. எல்லாப் படகுகளுக்கும் இதே கதைதான். தமிழில் வாசித்தபோது எங்களில் ஒருவருக்கும் இது கேட்கவில்லை. தமிழில் அந்த வசனம் சரி.

காலை ஏழு மணியிலிருந்து அந்தப் பட்டியல் வெறுமையாகவே இருந்திருக்கிறது. நாற்பத்தேழைத் தவிர ஒன்பது படகுகள் அப்போதும் வெளியே நின்றன. அவை பிறகு தாமாக வந்துவிட்டதால் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒன்பது மணிக்குத்தான் ஜெசிந்தா திரையைப் பார்த்திருக்கிறார். ஒருவரும் வெளியே இல்லை என்றதும் நிம்மதியாக இருந்ததாம்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். எஞ்சின் நின்று, வாடை தள்ளிய பக்கமாக வெகுதூரம் போயிருந்தார்கள். தம்பிக்கு ஒன்றுமில்லை. யூட் எஞ்சினைத் திரும்பத் திரும்ப இழுத்துக் கிளப்பப் பார்த்தபோது வலது கை உள்ளே அகப்பட்டு நசுங்கியிருந்தது. விடிந்த பிறகு நடந்ததாம். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. தேடல் பத்து மணிக்கே தொடங்கியிருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று நான் வைத்தியரிடமே கேட்டேன். அவர், சொல்ல ஏலாது என்றார்.

அடுத்த நாள் காலை திருத்த உட்கார்ந்தேன். வினவலைத் திருத்துவது ஒரு வரி வேலை. சேர் விடவில்லை. "முதல் சிவப்பைக் காட்டும்" என்றார். உண்மையான தரவுத்தளம் ஒன்றைச் சோதனைக்கென்றே எழுப்பினோம். அன்றைய பதிவுகளைப் போலவே சில பதிவுகளை இட்டோம். அதில் இலக்கம் இல்லாத ஒரு வருகையும் இருந்தது. பழைய வினவலை அப்படியே வைத்துச் சோதனையை ஓடவிட்டோம். சிவப்பு வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்தபோது மனதுக்கு ஏதோ ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வினவலில் கைவைத்தேன். இந்தப் படகுக்கென்று ஒரு வருகைப் பதிவு உண்டா என்று ஒவ்வொரு படகாகக் கேட்டு, இல்லாதவற்றைத் தரும்படி மாற்றினேன். இலக்கம் தெரியாத வருகைகள் தனியாக ஒரு பட்டியலில் தெரியும்படி செய்தேன். பச்சை வந்தது.

மொக்கை நாங்கள் கைவிடவில்லை. பதில் வந்த பிறகு எங்கள் நிரல் என்ன செய்கிறது என்று பார்க்க அது நல்லது. ஆனால் தரவுத்தளம் என்ன பதில் சொல்லும் என்பதைத் தரவுத்தளத்திடமே கேட்பது என்று முடிவாயிற்று. சோதனைகள் ஓட முன்னரைவிடக் கூடிய நேரம் எடுத்தது. இளையவர்கள் முணுமுணுத்தார்கள். சேர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் சங்கத்தில் ஜெசிந்தாவை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகக் கேள்விப்பட்டோம். இலக்கமில்லாத படகை அவர் பதிந்ததால்தான் எல்லாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் படகுக்காரரைத் தேடி யாராவது வந்தால் சொல்லலாமே என்றுதான் அவர் பதிந்தார். பதிய இடம் வைத்தவள் நான். சேரிடம் போனேன். அவர் ஏற்கெனவே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பிழை எங்களுடையது, எழுதுவினைஞர் செய்தது சரி என்று இரண்டே வசனம். இருவரும் கையெழுத்திட்டு, நேரே கொண்டுபோய்க் கொடுத்தோம். செயலாளர் அதை இரண்டு தடவை படித்தார். ஜெசிந்தா தொடர்ந்து வேலையில் இருந்தார்.

அங்கிருந்து யூட்டின் வீட்டுக்கும் போனோம். என்ன நடந்தது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பிலோமினா என்னைப் பார்க்கவில்லை. நான் முடித்த பிறகு, "அந்த ரெண்டு மணித்தியாலமும் நான் கரையிலை நிண்டனான்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு மூன்று காலைகள் ஜெசிந்தாவின் மேசைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். எங்கள் நிரல் நினைக்காதவை எல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தன. ஒருவர் தமையனின் படகில் போய்த் தன் படகின் இலக்கத்தைச் சொன்னார். ஒரு படகு வந்து, மீனை இறக்கிவிட்டு உடனேயே திரும்பப் போனது. இன்னொன்று இன்னொரு படகால் இழுத்துவரப்பட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒருமுறைதான் பதிவானது. நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். இவ்வளவு நாளும் இதையெல்லாம் ஏன் கேட்கவில்லை என்று ஜெசிந்தா கேட்டார். கேட்கத் தோன்றவில்லை என்றேன். ஒவ்வொன்றும் சோதனைத் தரவுத்தளத்தில் ஒரு பதிவாயிற்று.

ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கும். நிரலின் புதிய பதிப்பைப் பார்க்க ஜெசிந்தா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே யூட்டும் வந்தார். வலை இழுக்கக் கை உதவாததால், இப்போது அவர் கரையில் நின்று படகுகளைப் பார்த்துச் சொல்பவர். ஜெசிந்தா அதைப் பதிவார். யூட் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்ன கதைப்பது என்று தெரியாமல், சோதனைகள் எப்படி ஓடுகின்றன என்று காட்டத் தொடங்கினேன். தரவுத்தளத்தில் நாங்கள் இட்டுவைத்த பதிவுகள் திரையில் வரிசையாகத் தெரிந்தன.

யூட் குனிந்து பார்த்தார். மூன்று விரல்கள் உள்ள கையால் ஒரு வரியைத் தொட்டார்.

"இது எங்கடை படகெல்லோ?"

அன்றைய பதிவுகளைப் பார்த்து எழுதியபோது இலக்கங்களையும் அப்படியே எடுத்திருந்தேன். மாற்ற வேண்டும் என்று தோன்றவேயில்லை. நாற்பத்தேழு, பின்னேரம் நாலரைக்குப் போனது. வருகை இல்லை. ஒவ்வொரு நாளும் சோதனை ஓடும்போது அந்தப் படகு போகிறது, வருவதில்லை. எங்கள் நிரல் அதைத் தேடிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சிவப்பு.

இதை அவரிடம் சொன்னேன். இப்போதே வேறு இலக்கம் போட்டுவிடுகிறேன் என்று விசைப்பலகையைக் கிட்ட இழுத்தேன்.

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"விடுங்கோ அக்கா. அது வெளியிலை நிண்டால்தான் நீங்கள் தேடுவியள்."